முதல் மிதியிலேயே பழகிய சைக்கிள்



வரலாறு என்றால் அரசர்கள், போர்கள், ஒப்பந்தங்கள் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். இந்த மாத உரையில் நான் சொல்லப்போவது ஒரு சைக்கிளின் வரலாறு. அல் கோபாரில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் தொடங்கி, யாழ்ப்பாணம் போய், கிளாலிக் கரையில் ஒரு பழைய கடனில் வந்து நிற்கும் கதை இது. கொஞ்சம் பொறுமையோடு கூட வாருங்கள்.

சென்ற குளிர்காலத்தில் எனக்குச் சீனி வருத்தம் கூடிவிட்டது. ‘நடவுங்கள், இல்லாவிட்டால் சைக்கிள் ஓடுங்கள்’ என்றார் வைத்தியர். நாள் முழுவதும் கதிரையில் இருந்து கணக்குப் பார்க்கிறவனுக்கு வேறு என்ன சொல்வார்? கோபாரில் இரண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். ஏறிப் பார்த்த சைக்கிள்கள் ஒன்றும் எனக்குச் சரிவரவில்லை. ஒன்றில் முதுகு கூனியது. இன்னொன்றில் முன்சில்லு ஒரு நிலையில் நிற்காமல் இரண்டு பக்கமும் இழுத்தது. கடைசியில், வேலை ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பவிருந்த பிலிப்பினோ பொறியியலாளர் ஒருவர் தன்னுடைய மலைச் சைக்கிளை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ‘மவுண்டன் பைக்’ என்கிறார்களே, அதுதான்.

அவருடைய குடியிருப்புத் தரிப்பிடத்தில் ஏறி ஒரு மிதி மிதித்தேன். நேயர்களே, அந்த முதல் மிதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது எனக்குப் பழக்கமான சைக்கிள் என்று. கை தானாகப் போய் ஹாண்டிலில் அமர்ந்தது. ஒரு கையை விட்டுப் பார்த்தேன். நேரே போனது. இரண்டாவது சுற்று ஓடாமலே காசைக் கொடுத்துவிட்டேன். ‘ஏறி முப்பது வருஷமாகுது, விழுந்து காலை முறிக்கப் போறீங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்த மனைவி, நான் வீதியால் ஓடி வருவதைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை.

நான் வணிகம் படித்தவன். காரணம் தெரியாத ஒரு தொகை ஏட்டில் வந்தால் அதைத் தொங்கற் கணக்கில் போட்டு வைப்போம். ஆனால் ஆண்டு முடிவதற்குள் அதற்கு விளக்கம் தேடித் தீர்த்துவிட வேண்டும். என் வாழ்க்கையில் நான் தொட்டிராத ஒரு மலைச் சைக்கிள் ஏன் பழகிய சைக்கிள் போல இருந்தது? அளவு நாடாவோடு உட்கார்ந்தேன். பிறகு அந்த வகைச் சைக்கிளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

கலிபோர்னியாவின் பழைய இரும்புகள்

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் மாவட்டத்தில் தமல்பாய்ஸ் என்று ஒரு மலை இருக்கிறது. பெயரைக் கேட்டுத் தமிழோடு சொந்தம் தேட வேண்டாம், அது அங்குள்ள பழங்குடி மக்களின் சொல். 1970களில் அந்த வட்டாரத்து இளைஞர்கள் சிலர் பழைய சைக்கிள்களில் மலைப்பாதையால் கீழே பாய்ந்து விளையாடினார்கள். அவர்கள் தெரிந்தெடுத்தவை மெல்லிய பந்தயச் சைக்கிள்கள் அல்ல. 1930களிலும் 40களிலும் ஷ்வின் நிறுவனம் செய்த, பேப்பர் போடும் பையன்கள் ஓடிய கனமான பழைய சைக்கிள்கள். பருத்த ரயர், அகன்ற ஹாண்டில், எதற்கும் முறியாத சட்டம்.

1976 அக்டோபர் 21ஆம் திகதி அங்கே முதல் இறக்கப் பந்தயம் நடந்தது. அந்தப் பாதைக்கு ‘ரீபாக்’ என்று பெயர். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பழைய வகைப் பிறேக் அந்தச் சைக்கிள்களில் இருந்தது. ஒரு தரம் இறங்கி முடிய உள்ளே இருந்த கிறீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். கழற்றி மறுபடி கிறீஸ் அடைக்க வேண்டும். அந்த ‘மறுபடி அடைத்தல்’ தான் பாதைக்குப் பெயரானது. 1977இல் ஜோ பிறீஸ் என்பவர், பழைய சட்டங்களை நம்பாமல் மலைக்கென்றே புதிய சட்டம் ஒன்றைச் செய்தார். 1979இல் கரி ஃபிஷரும் சார்ல்ஸ் கெலியும் சேர்ந்து ‘மவுண்டன் பைக்ஸ்’ என்ற பெயரில் வியாபாரம் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் பெருந்தொகையாகச் செய்து விற்கத் தொடங்கியது. 1996இல் அத்லாந்தா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் ஒரு போட்டியாகவே இடம்பெற்றது.

இதில் நாங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மலைச் சைக்கிள் என்பது எதிர்காலத்திலிருந்து வந்த பொருள் அல்ல. குப்பையில் போட்ட பழைய சைக்கிளிலிருந்து பிறந்தது.

இரண்டு அளவுகள்

இனி அளவு நாடா சொன்ன கதை. முதல் அளவு, சில்லு. ஆரம்ப கால மலைச் சைக்கிள்களுக்கு 26 இஞ்சிச் சில்லு, அதன் ரிம் ரயர் அமரும் இடத்தில் 559 மி.மீ. விட்டம். 2000களின் தொடக்கத்திலிருந்து ‘29 இஞ்சி’ என்ற பெரிய சில்லு வந்து பரவியது. நான் வாங்கியது அந்த வகை. அதன் ரிம் 622 மி.மீ. எங்கள் ஊரில் அப்பாமார் ஓடிய பெரிய சைக்கிளின் 28 இஞ்சிச் சில்லு இருக்கிறதே, அதன் ரிம் 635 மி.மீ. ரயரையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். பெரிய சில்லு குழியில் விழாது, அதன் மேலால் உருண்டு போகும். அமெரிக்கர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொன்ன சில்லில்தான் எங்கள் வாத்திமார் பள்ளிக்கூடம் போனார்கள்.

இரண்டாவது அளவு, முன்சில்லைப் பிடித்திருக்கும் கவையின் சாய்வு. வீதிப் பந்தயச் சைக்கிளில் அந்தக் கோணம் 73 பாகை அளவில் செங்குத்தாக இருக்கும். சட்டென்று திரும்பும். சாய்வு கூடக் கூட, அதாவது பாகை குறையக் குறைய, முன்சில்லு ஓடுகிறவனை விட்டுத் தள்ளி முன்னே போகும். சைக்கிள் ஆறுதலாக, நேரே போக விரும்பும். என்னுடையதைக் கைத்தொலைபேசியை வைத்து அளந்தேன், 67 பாகை. பழைய றலி போன்ற பெரிய சைக்கிள்களிலும் கோணம் ஏறத்தாழ இதே அளவுதான்.

காரணம் விளங்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இரண்டு சில்லும் ஏறத்தாழ ஒரே அளவாக, பின்சில்லைச் செயின் இழுக்கும் சைக்கிள் 1885இல் இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்ராலி செய்த றோவரோடு நிலைபெற்றது. 1888இல் டன்லொப்பின் காற்றடித்த ரயர் வந்தது. அப்போது இங்கிலாந்திலேயே தார் வீதி மிக அரிது. பெரும்பாலும் கல்லும் சேறும்தான். அந்த வீதிக்கென்றே சாய்ந்த கவையும் நீண்ட சட்டமும் உள்ள சைக்கிளைச் செய்தார்கள். நல்ல வீதி வந்த நாடுகளில் சைக்கிள் மாறியது, இலேசானது, கோணம் நிமிர்ந்தது. நல்ல வீதி வராத நாடுகளில் பழைய சைக்கிளே நின்று பிடித்தது. பிறகு வேண்டுமென்றே கெட்ட பாதையைத் தேடிப் போன கலிபோர்னியாக்காரர் திரும்பவும் அந்தப் பழைய உருவத்துக்கே வந்தார்கள். 1990களில் பந்தயத்துக்காகக் கோணத்தை 71 பாகை வரை நிமிர்த்திப் பார்த்து, பின்னர் மறுபடியும் சாய்த்துக்கொண்டார்கள்.

ஆகவே தரிப்பிடத்தில் என் கைகள் அடையாளம் கண்டது பிலிப்பினோ நண்பரின் சைக்கிளை அல்ல. என் அப்பாவின் றலியை.

எண்ணெய் இல்லாத ஊரில்

அந்தச் சைக்கிளை அப்பா 1960களில் வாங்கினார். கறுப்பு நிறம், கம்பிப் பிறேக், தோல் சீற். அது வீட்டின் ஒரு சாதாரண சாமான்தான், 1990 ஜூன் வரை. அதன் பிறகு நடந்தது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். போர் மறுபடி வெடித்தது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து என்று நீண்ட ஒரு பட்டியலுக்குத் தடை வந்தது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினார்கள், ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தோம். மற்ற எல்லாவற்றையும் சைக்கிள் சுமந்தது. விறகு, அரிசி மூட்டை, நோயாளி, மணமகள், சவப்பெட்டி கூட.

கணக்கியலில் பெறுமானத் தேய்வு என்று ஒன்று படிப்போம். ஒரு சொத்தின் விலை ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும் என்பது பாடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடத்தை நான் படித்துக்கொண்டிருந்த நாட்களில், முப்பது வயதான அப்பாவின் சைக்கிள் வாங்கிய விலையைப் போலப் பல மடங்குக்குக் கேட்கப்பட்டது. வெடித்த ரயரைத் தைத்து, உள்ளே பழைய ரயர்த் துண்டு வைத்து ஓடினோம். எந்த ஐந்தொகையிலும் ஏறாத சொத்து அது.

அந்தச் சைக்கிளில் ஒரு டைனமோ பூட்டியிருந்தது. சாதாரண போத்தல் டைனமோ 6 வோல்ட், 3 வாட் தரும். நான்கு பற்றறி போடும் வானொலிக்கும் அதே 6 வோல்ட்தான் வேண்டும். டைனமோவிலிருந்து வருவது ஆடலோட்டம், வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் டயோட் வைத்துச் சரிசெய்து தரத் தெரிந்த வானொலி திருத்துகிறவர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தார்கள். இரவானதும் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லு நிலத்தில் படாமல் நிற்க, நான் பெடலைச் சுற்றுவேன். அப்பாவும் அயலட்டையும் பி.பி.சி. தமிழோசை கேட்பார்கள். கை களைத்து வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சேர்ந்து இறங்கும். ‘தம்பி, சுத்து, சுத்து’ என்பார் அப்பா. அந்தத் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றது. ஒரு குரல் காற்றில் வந்துசேர எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை நான் முதலில் அறிந்தது அந்தப் பெடலில்தான். இன்று ஒலிவாங்கிக்கு முன்னால் உட்காரும்போதும் அது நினைவில் வரும்.

இன்னொன்றும் நடந்தது. அதுவரை எங்கள் வீட்டில் பெண்பிள்ளை சைக்கிள் ஓடுவது பேச்சுக்கே இடமில்லாத விடயம். பேருந்து நின்றதும் தங்கச்சி ரியூசனுக்குப் போக வேறு வழி இல்லாமல் போனது. அதே றலியில், பாருக்கு மேலால் காலைப் போட எட்டாமல், பாருக்குக் கீழால் காலை விட்டுப் பழகினாள். தேவை வந்ததும் ஊர் வாய் தானாக அடங்கியது.

இதைக் கோபாரில் ஒரு சவூதி நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். நஜ்த் பகுதியில் ஒரு காலத்தில் சைக்கிளையே ‘இப்லீஸின் குதிரை’ என்று பயந்ததாகத் தன் பாட்டனார் சொல்வாராம். 2012இல் ஹைஃபா அல் மன்சூர் என்ற சவூதிப் பெண் இயக்கிய ‘வஜ்தா’ திரைப்படம், ஒரு பச்சைச் சைக்கிளுக்கு ஆசைப்படும் றியாத் சிறுமியின் கதை. அதற்கு அடுத்த ஆண்டு, 2013இல், பூங்காக்களில் ஆண் உறவினர் துணையோடு பெண்கள் சைக்கிள் ஓடலாம் என்று அனுமதி வந்தது. 2018 ஜூனில் கார் ஓடவும் அனுமதி வந்தது. இப்போது கோபார் கோர்னிஷில் மாலை வேளையில் பெண்பிள்ளைகள் என்னை முந்திக்கொண்டு போகிறார்கள். பெடலில் கால் எட்டுவதற்கு முன்னால் ஏற விட வேண்டும் அல்லவா? சைக்கிள் பொருந்துவது உயரத்தில் மட்டும் இல்லை.

நாவற்குழியும் கிளாலியும்

1995 அக்டோபர் 30ஆம் திகதி. வலிகாமத்திலிருந்து எல்லோரும் வெளியேற வேண்டும் என்ற அறிவிப்பு ஒலிபெருக்கியில் வந்தது. நாலைந்து லட்சம் சனம், மழைக்குள், செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி. சாதாரண நாளில் சாவகச்சேரிக்குச் சைக்கிளில் ஒரு மணித்தியாலம் போதும். அன்று விடிய விடிய நடந்தோம். சைக்கிளை ஓட முடியாது, உருட்ட மட்டும் இடமிருந்தது. கரியரில் அரிசியும் அம்மாவின் பெட்டியும். களைத்த நேரத்தில் அம்மாவைச் சீற்றில் இருத்தி, நான் ஹாண்டிலைப் பிடிக்க, அப்பா பின்னால் தள்ளினார். சுமை ஏறியும் அந்தச் சைக்கிள் ஒரு பக்கம் சாயாமல் நேரே வந்தது. அன்று எனக்குக் காரணம் தெரியாது. 67 பாகை என்று இன்று தெரியும்.

தென்மராட்சியில் சில மாதம் இருந்தோம். 1996 தொடக்கத்தில் நானும் தங்கச்சியும் மாமியும் கிளாலியால் வன்னிக்குக் கடப்பதென்று முடிவானது. கிளாலிக் கடல் என்பது சும்மா பயணம் அல்ல. 1993 ஜனவரியில் அந்தக் கடலில் கடற்படையின் தாக்குதலில் பயணிகள் கொல்லப்பட்டிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் வர மறுத்துவிட்டார்கள். புறப்படும்போது அப்பா சைக்கிளை என்னிடம் தந்தார். ‘அக்கரையிலை உதவும். கவனமாய் வைச்சிரு, தம்பி’ என்றார். அவ்வளவுதான்.

கரையில் படகுக் கூலி நான் நினைத்ததைவிடக் கூடுதலாக இருந்தது. கையில் காசு போதவில்லை. அங்கு நின்ற ஒருவரிடம் சைக்கிளைக் கொடுத்து மூன்று பேருக்கும் கூலியைச் சரிக்கட்டினேன். பேரம் ஐந்து நிமிடம் கூட இல்லை. இருட்டில் அவர் அதை உருட்டிக்கொண்டு போன சத்தம், பிறீவீலின் ‘கிர்ர்’ என்ற சத்தம், இப்போதும் காதில் இருக்கிறது.

பெற்றோர் பிறகு ஊருக்குத் திரும்பினார்கள். 2002இல் சமாதான காலத்தில் ஏ-9 பாதை திறந்தபின் இங்கிருந்து விடுமுறையில் போனேன். ஆறு வருடத்துக்குப் பிறகு மகனைக் கண்ட அப்பா, சாப்பிட்டு முடிந்ததும் கேட்ட கேள்வி, ‘சைக்கிள் எங்கை?’ என்பது. கிளிநொச்சியில் ஒரு கூட்டாளி வீட்டில் பத்திரமாக நிற்கிறது என்று சொன்னேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. 2004இல் அப்பா காலமானார். அதுவரை தொலைபேசியில் இரண்டு மூன்று தரம் கேட்டிருப்பார், ‘ஆக்கள் ஆரும் வந்தால் குடுத்து விடு’ என்று.

கணக்கில் பிழை விடுவது குற்றமல்ல. கண்டபிறகு திருத்தாமல் விடுவதுதான் குற்றம். வழுத்திருத்தம் என்று எங்கள் பாடத்தில் ஒரு அத்தியாயமே உண்டு. அதில் முதல் விதி, பழைய பதிவை அழிக்கக்கூடாது, பக்கத்தில் சரியான பதிவை எழுத வேண்டும் என்பது. அதைத்தான் இந்த உரையில் செய்கிறேன். அப்பாவின் சைக்கிள் கிளிநொச்சியில் நிற்கவில்லை. அது மூன்று உயிரைக் கடல் கடத்தியது. வெளிநாட்டில் இருந்து இந்த வானொலியைக் கேட்கும் தங்கச்சிக்கும் இது இப்போதுதான் தெரியவரும். உன்னுடைய படகுக் கூலி அது, பிள்ளை. அன்று உனக்குச் சொல்லவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில், வெயில் ஏறுமுன், அந்த மலைச் சைக்கிளில் தஹ்ரான் பக்கம் போகிறேன். மலை என்று சொல்ல அங்கு ஒன்றும் இல்லை, சுண்ணாம்புக்கல் மேடுகள்தான். 1938இல் இந்த நாட்டின் எண்ணெய் வணிகம் தொடங்கிய தம்மாம் 7ஆம் இலக்கக் கிணறும் அந்தப் பக்கம்தான். எங்கள் குடாநாட்டின் அடியில் கிடப்பதும் சுண்ணாம்புக்கல். ரயருக்கு அடியில் அது நொறுங்கும் சத்தம் ஒன்றுதான். எண்ணெயில் மிதக்கும் ஊரில் சைக்கிள் ஓடுவது விளையாட்டு, உடற்பயிற்சி. எண்ணெய் இல்லாத ஊரில் அதுவே சீவியம். இரண்டையும் ஒரே உடம்பு அறிந்து வைத்திருக்கிறது. முதல் மிதியிலேயே ஒரு சைக்கிள் பொருந்துகிறது என்றால், அதற்கு முன்னால் எத்தனையோ ஆயிரம் மிதி எங்கோ மிதிக்கப்பட்டிருக்கிறது என்றே நான் கணக்கு முடித்தேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஒரு சைக்கிள் இருந்திருக்கும். றலியோ, ஹம்பரோ, லுமாலாவோ. அது என்ன நிறம், யார் வாங்கியது, எந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தீர்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி நிலையத்துக்கு அனுப்புங்கள். நிகழ்ச்சியில் வாசிப்போம். பிள்ளைகளே, அம்மம்மாவிடம் கேட்கும்போது அவசரப்படாமல் கேளுங்கள். சைக்கிளைப் பற்றித் தொடங்கினால் வேறு கதைகளும் வரும்.

மீண்டும் அடுத்த மாத உரையில் சந்திப்போம்.